புதைக்காத மாதுளை

குவா
4 அக்டோபர் 1983

அன்புத் தம்பி நோசிமுக்கு அக்கா மஸ்தூரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா வேளை தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் கடிதம் வந்தது. தபால் நிலையத்தில் பையைக் கவிழ்த்ததும் உன் உறைதான் முதலில் விழுந்தது. தபால்தலை இல்லை, பட்டாளத்து முக்கோண முத்திரை மட்டும். ஊர்ப் பெயரும் இல்லை, வெறும் எண். மங்கோலியாவில் போட்டிருக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததும் அம்மாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. குளிர்தானே, குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம் என்றார்.

இப்போது எனக்கு வேறு கவலை. நாளை முதல் தபால்காரிகளான எங்களையும் பருத்தி எடுக்க அனுப்புகிறார்கள். தலைமை அதிகாரி ஒருவர்தான் தபால் நிலையத்தில் இருப்பார். இலக்கு முடியும்வரை வீடு திரும்ப முடியாது. உறைபனிக்கு முன் ஏழு மாதுளை மரத்தையும் வளைத்து மண்ணுக்குள் யார் புதைப்பது? அப்பா போனபின் மூன்று வருடமும் நீதான் புதைத்தாய், நான் கயிறு பிடித்ததோடு சரி. தெற்குத் தெருவில் போன வருடம் சோம்பேறித்தனமாய்ப் புதைக்காமல் விட்ட நாலு வீட்டு மரமும் வேரோடு செத்துப்போனது உனக்கே தெரியும். அம்மாவோ நானே புதைப்பேன் என்கிறார். கண்ணில் புரை முற்றிவிட்டது, அறுவையைக் கோடைக்குத்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. இந்த லட்சணத்தில் முற்றத்தில் தடவித் தடவி நடக்கிறார். கிளை உடையுமா, அவர் இடுப்பு உடையுமா என்று எனக்குப் பதறுகிறது.

எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒன்று விடாமல் எழுது. சாப்பாட்டில் குறை வைக்காதே.

உன் அக்கா
மஸ்தூரா


21 அக்டோபர் 1983

மரியாதைக்குரிய அக்காவுக்குத் தம்பி நோசிமின் சலாம். நான் நலம். அம்மாவின் கண்ணும் உங்கள் முதுகும் நலமா?

கயிறு பிடித்ததோடு சரி என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் பொய். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஹம்ரோ மாமா மனைவியோடு கதை பேசியதோடு சரி. பரவாயில்லை, இப்போதாவது கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் மரத்தடியில் ஓர் இலை இல்லாமல் கூட்டி எடுத்து எரித்துவிடுங்கள். இலை கிடந்தால் எலி கூடு கட்டும், குளிர் முழுக்கப் பட்டையைத் தின்னும். ஒரு வாரம் முன்னால் வேர் நனைய நன்றாகத் தண்ணீர் விடுங்கள், காய்ந்த மரம் வளையாது. காலையில் தொடவே கூடாது. வெயில் ஏறி, பட்டை இளகின பிறகு கிளைகளைச் சேர்த்துக் கட்டி, இடது முழங்காலை அடியில் ஊன்றி, மெதுவாக அழுத்துங்கள். மரம் முனகினால் நிறுத்துங்கள். அவசரப்பட்டால் அது உங்களை மன்னிக்காது. தரையில் படிந்ததும் கோரைப்பாய், அதன்மேல் காய்ந்த பருத்தி மார்க் குச்சிகள், அதன்மேல் ஒரு முழத்துக்கு மண். அம்மாவை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சத்தம் மட்டும் போடச் சொல்லுங்கள். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இங்கே முழங்கால் அளவு பனி. துப்பினால் தரையில் விழும் முன்னே கட்டியாகிவிடுகிறது. குதிரைப் பால் குடிக்கிறார்கள், புளித்த வாடை. கண்ணுக்கெட்டின தூரம்வரை மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது. அம்மாவுக்கு இதையெல்லாம் படித்துக் காட்டுங்கள், சிரிப்பார்.

எல்லோருக்கும் சலாம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
நோசிம்


குவா
13 நவம்பர் 1983

பிரியமான தம்பிக்கு சலாம். நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு விரல் நுனியெல்லாம் பருத்தி ஓடு கிழித்துப் பேனா பிடிக்க வலிக்கிறது, வேறொன்றுமில்லை.

நாங்கள் திரும்பும் முன்பே உறைபனி வந்துவிட்டது. வயலிலிருந்தே ஓடிவந்தேன் என்று வைத்துக்கொள். அம்மா எதையும் தொடவில்லை, ஆனால் நாலு நாளாய்த் தூங்கவுமில்லை. நீ எழுதியபடியே செய்தேன். ஐந்து மரம் குழந்தைபோலப் படுத்துக்கொண்டது. ஆறாவதில் வினை வந்தது. கை ஒரு பிடி கூடுதலாய் அழுத்திவிட்டது, சடாரென்று ஒரு கிளை போயிற்று.

அம்மா வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "எந்தக் கிளைடி?"

"சின்னதும்மா."

"சின்னக் கிளைக்கு அவ்வளவு சத்தம் வராது."

பெரியதுதான். வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்ததே, அதுதான். அன்று பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எங்கோ பனியில் நிற்கும்போது வீட்டில் மரம் உடைந்தது ஏதோ போலிருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஏழாவதுக்கு அம்மாவே வந்து கிளைக்கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார், நான் மண்ணைத் தள்ளினேன்.

ரோஜாச் செடிகளுக்கு மண் அணைத்தாயிற்று. முள்ளங்கியும் கேரட்டும் குழியில் போட்டாயிற்று. சீமைமாதுளம் பழத்தைப் பரணில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கியிருக்கிறேன். முற்றத்தில் இப்போது ஏழு மண்மேடுகள்தான் இருக்கின்றன, பார்க்கப் பிடிக்கவில்லை. உனக்கு இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மஸ்தூரா


27 நவம்பர் 1983

அக்காவுக்கும் அம்மாவுக்கும் சலாம். நான் நலம், நீங்கள் நலந்தானே.

ஆறாவது மரத்தைக் கொன்றதற்கு வாழ்த்துகள். சும்மா சொன்னேன் அக்கா, கிளைதானே, வசந்தத்தில் அடியிலிருந்து நாலு முளைக்கும். அதற்காகச் சாப்பிடாமல் இருந்தீர்களாம்! உறைபனியைவிட உங்கள் கவலைதான் மரத்துக்கு ஆபத்து. காலுறை வந்தது. ஒரு ஜோடியைக் கூட்டாளி கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், அம்மாவுக்குப் பிடிக்கும். நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில் மண்சுவர் வைத்த தோட்டம் ஒன்று இருக்கிறது. உள்ளே நூறு மாதுளையாவது நிற்கும். இலையெல்லாம் கொட்டிவிட்டது, நவம்பர் முடியப் போகிறது, ஒன்றைக்கூடப் புதைக்கவில்லை! எனக்குக் கை பரபரத்தது. தோட்டக்காரர் சுவரோரம் நின்றார். நம் பக்கத்து ஊர் ரிஷ்தானில் இருக்கும் தாஜிக்குகள் பேசுவதுபோலத்தான் பேசுகிறார், அதனால் கேட்டுவிட்டேன். "மாமா, எப்பப் புதைப்பீங்க? மரம் செத்துப்போகுமே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். "மரத்த யாராவது புதைப்பாங்களா தம்பி? இங்க மனுஷங்களத்தான் புதைக்கிறோம்" என்றார்.

குவாவுக்கு வந்து பாருங்கள் என்றேன். இன்னும் சிரித்தார். ஒரு பழம் கொடுத்தார், நம்முடையதைவிடப் பெரிது, இனிப்பு மட்டும் குறைவு. இதை நான் ஊர்ப்பற்றில் சொல்லவில்லை.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். நலமாக இருங்கள்.

நோசிம்


குவா
12 டிசம்பர் 1983

தம்பிக்கு அக்காவின் சலாம். நாங்கள் நலம். உன் நலத்தை வழக்கம்போலக் கேட்டு எழுதப் பேனாவை எடுத்தேன், வழக்கம்போல எழுத வரவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன். காலுறை வரைக்கும் வந்தேன். அடுத்த வரிகளில் கண் போனதும் தாளை மடித்துவிட்டேன். "அவ்வளவுதாம்மா. உடம்பப் பாத்துக்கோங்கன்னு முடிச்சிருக்கான்" என்றேன்.

"மரத்தப் பத்தி வேற ஒண்ணும் எழுதலயா?"

"இல்லம்மா."

"எப்பவும் ரெண்டு பக்கம் எழுதுவான். தாளத் திருப்புற சத்தமே கேக்கலயே."

இந்த முறை ஒரு பக்கம்தான் என்றேன். சரி என்று எழுந்து போய்விட்டார். அதன்பின் உன் கடிதத்தைப் பற்றிப் பேசவேயில்லை.

நோசிம், உன் மங்கோலியா விசித்திரமான ஊராக இருக்கிறது. போன மாதம் மருந்துக்கும் மரமில்லை, இந்த மாதம் நூறு மாதுளை. முழங்கால் பனியில் மொட்டையாய் நின்று பிழைக்கிற மாதுளையா? அதைப் புதைக்காமல் வைத்திருக்கும் தேசம் எந்தத் திசையில் இருக்கிறது என்று குவாவில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது நமக்கு வடக்கே இல்லை. இதற்குமேல் எழுதமாட்டேன். கடிதங்கள் பல கைகள் வழியாகப் போய்வருகின்றன, தபால்காரிக்கு இது தெரியாதா?

ஹம்ரோ மாமா மகன் ஒலிம்ஜான் போன வெள்ளிக்கிழமை வீடு வந்தான். அவனும் மங்கோலியாவில்தான் இருந்தான். மூடி ஒட்டிய சவப்பெட்டி, திறக்க விடவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுது, ஆனால் வாரம் ஒருமுறை எழுது.

மஸ்தூரா


30 டிசம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு சலாம். நான் நலம்.

அந்தத் தோட்டம் முகாமில் போட்ட சினிமாவில் வந்தது. களைப்பில் ஏதோ கிறுக்கிவிட்டேன். இங்கே பனி, இடுப்பளவு பனி. அம்மாவிடம் பனி என்றே சொல்லுங்கள்.

என்னை எதுவும் கேட்காதீர்கள் அக்கா. கேட்டால் பொய் சொல்ல வேண்டியிருக்கும், எனக்கு அது சரியாக வருவதில்லை என்று பார்த்துவிட்டீர்கள். ஒலிமோடு ஒரே பெஞ்சில் படித்தேன்.

மண்மேட்டில் வெடிப்பு விட்டால் உடனே மூடிவிடுங்கள், காற்று உள்ளே போகக் கூடாது. இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நோசிம்


குவா
2 பிப்ரவரி 1984

தம்பிக்கு சலாம். ஜனவரியில் உனக்கு இரண்டு கடிதம் போட்டேன். இது மூன்றாவது.

தினமும் காலையில் பையை நான்தான் அவிழ்க்கிறேன். முக்கோண முத்திரை எது வந்தாலும் அதைத்தான் முதலில் உருவுகிறேன், பார்த்தால் வேறு யாருக்கோ. அரசாங்க உறை வந்தால் பெயரைப் படிக்கும் முன் கண்ணை மூடிக்கொள்கிறேன். இப்படி ஒரு தபால்காரி உண்டா? தலைமை அதிகாரி என்னைக் கவுன்ட்டருக்கு மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேறொருத்தி கையால் அதை வாங்க எனக்குத் தைரியமில்லை.

மேடுகளில் வெடிப்பில்லை. அம்மா தினமும் போய்க் கையால் தடவிப் பார்க்கிறார். உன்னைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

எழுது நோசிம்.

மஸ்தூரா


குவா
25 மார்ச் 1984

தம்பி, சலாம். பதில் இல்லாத ஐந்தாவது கடிதம் இது.

நவ்ரூஸ் புத்தாண்டு வந்து போனது. வாதுமை பூத்துவிட்டது. தெருவில் எல்லோரும் மாதுளையைத் திறந்து, நிமிர்த்தி, முட்டுக் கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டில் மட்டும் ஏழு மேடும் அப்படியே இருக்கின்றன. நான் மண்வெட்டியை எடுத்துப் போனேன். அம்மா மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"தொடாதே. அவன் கடுதாசி வரட்டும்."

"அம்மா, வெயில் ஏறுது. உள்ள அழுகிப்போயிடும்."

"அவன் எப்பத் திறக்கணும்னு எழுதுவான்."

"எல்லாரும் திறந்துட்டாங்கம்மா."

"எல்லார் பிள்ளையும் எழுதியிருக்கும்."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டேன். ஹம்ரோ மாமா வந்து கெஞ்சினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் மண்ணைத் தொட்டால் சுடுகிறது. உள்ளே மரம் மூச்சுத் திணறுவதுபோல எனக்குத் தோன்றுகிறது, எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நீ இருக்கிறாயா இல்லையா என்று யாரைக் கேட்பது?

மஸ்தூரா


குவா
3 ஏப்ரல் 1984

நோசிமுக்கு சலாம். ஒரு குற்றம் செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நீ எழுதியதாக நானே ஒரு கடிதம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, வெயில் வேளையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்கும்படி கிழித்தேன். தாளைத் திருப்புகிற சத்தத்தையும் மறக்கவில்லை. "அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். இங்கே பனி உருகுகிறது. மரங்களைத் தாமதிக்காமல் திறந்துவிடுங்கள். மெதுவாக நிமிர்த்துங்கள்" என்று படித்தேன். குரல் எங்கெங்கோ போயிற்று, இருமிச் சமாளித்தேன்.

அம்மா கடைசிவரை கேட்டார். "சரி, வா" என்று எழுந்தார். அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் அன்று மாலைக்குள் ஏழையும் திறந்துவிட்டோம். பாயை விலக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று தளிர் விட்டிருக்கிறது, வெயில் பட்டதும் அவ்வளவும் கருகிவிட்டது. மரத்தில் உயிர் இருக்கிறது, இந்த வருடம் காய் இருக்காது. ஒன்றில் மட்டும் பட்டை முழுக்க அழுகி வழிந்தது, அது போய்விட்டது.

உன் பெயரில் பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. மன்னிக்க முடியாது என்றாலாவது அதை எழுதி அனுப்பு.

மஸ்தூரா


தாஷ்கண்ட்
22 ஏப்ரல் 1984

என் அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உயிரோடு இருக்கிறேன்.

உங்கள் கடிதங்கள் எங்கெங்கோ சுற்றி நேற்று ஒரே கட்டாய் வந்தன. அத்தனையையும் வரிசையாகப் படித்தேன். மார்ச் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ராணுவ மருத்துவமனையில் இருக்கிறேன். ஜனவரி முழுக்க அங்கேயே ஒரு கூடாரத்தில், பிப்ரவரியிலிருந்து இங்கே. கடைசிக் கடிதம் போட்ட ஏழாம் நாள், தண்ணீர் பிடிக்கப் போகும் அதே வழியில், தரை வெடித்தது. இடது கால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கை நன்றாக இருக்கிறது, எழுத முடியாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால் "இங்கே பனி" என்று ஆரம்பிப்பேன், அதற்குமேல் வராது. உங்களை மூன்று மாதம் இந்த நரகத்தில் வைத்தது நான்தான். குண்டு வைத்தவன்மேல் இல்லாத கோபம் எனக்கு என்மேல் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். உங்களுக்குத்தான் என் பெயரில் எழுத வருகிறதே, இன்னொன்று எழுதுங்கள். சைபீரியாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இரண்டு வருடம் கழித்து வருவான் என்று படித்துக் காட்டுங்கள். அதற்குள் கட்டைக்கால் பழகிவிடும். முழங்கால் இல்லாதவன் மாதுளையை எப்படி வளைப்பான் அக்கா? முற்றத்தில் நான் என்ன செய்வேன்?

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? நீங்கள் நலந்தானே?

நோசிம்


குவா
27 ஏப்ரல் 1984

என் தங்கத் தம்பிக்கு சலாம். இது தபாலில் வரவில்லை. கை மாறி வருவதால் மனதில் இருப்பதை எழுதலாம். நீ இருக்கிறாய் என்பது போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

உன் கடிதத்தைத் தபால் நிலையத்தில் நின்றபடியே படித்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சைபீரியாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். நல்ல கடிதம், கேலிகூடப் போட்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன், அவ்வளவுதான்.

"உசிரோட இருக்கானா? அத மட்டும் சொல்லு" என்றார் அம்மா.

"இருக்காம்மா."

"எங்க?"

"தாஷ்கண்ட்ல." பிறகு காலைப் பற்றியும் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை நோசிம், திராணி இல்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார், நானும் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "அவன் ஆப்கான்லதான் இருந்தான். எனக்கு அப்பவே தெரியும். மரத்தப் பத்தி எழுதாம என் பிள்ள கடுதாசிய முடிக்க மாட்டான். நீ எதையோ விட்டுட்டுப் படிச்ச. வாசிக்கக் கூடாததா ஒண்ணு அவன் எழுதியிருந்தா அது வேற என்னவா இருக்கும்?"

"அப்ப நான் எழுதின கடுதாசி?"

"அதுல உன்னக் கேலி பண்ணி ஒரு வரிகூட இல்லயேடி. அவன் கடுதாசியா அது?"

"பின்ன ஏம்மா திறந்தீங்க?"

"நீ அழுதுகிட்டே படிச்ச. நான் வேற என்ன செய்ய?"

டிசம்பரிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். நீ அங்கிருந்து எங்கள் இருவரையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாய். யாரும் யாரையும் காப்பாற்றவில்லை, ஒரு மரம்தான் செத்தது. போதும்.

அம்மா இன்று ரயிலுக்குக் கிளம்புகிறார். எனக்கு விடுப்பு கிடைக்க அடுத்த வாரம் ஆகும். ஹம்ரோ மாமா மனைவி துணைக்கு வருகிறார். நான் கேட்கவில்லை, அவரே வந்து நின்றார். "திரும்பி வந்த பிள்ளை ஒண்ணையாவது தொட்டுப் பாக்கணும்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொள், பேச வேண்டாம்.

முற்றத்தில் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வா, மூன்று பேருமாய் யோசிப்போம். சைபீரியாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டுமானால் அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல்லிப் பார்.

இந்தக் கடிதத்தை மடித்து அம்மா கையில் கொடுத்திருக்கிறேன். இப்போது உன் கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு கையால் உன்னைத் தடவிக்கொண்டே மற்றக் கையால் இதை நீட்டி, "என்ன எழுதியிருக்கா, படி" என்றிருப்பார். ஒரு வரி விடாமல் வாய்விட்டுப் படி.

மஸ்தூரா